பனி முகட்டில் நண்பர்களோடு: மயூர் விஹாரிலிருந்து கேதார்காண்டா

ஜனவரியில் டெல்லி மயூர் விஹாரில் இரண்டு நாள் விடாமல் தூறினால், மேலே கட்வால் மலைகளில் பனி கொட்டுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. மத்தியத்தரைக் கடல் பக்கமிருந்து ஈரத்தைச் சுமந்தபடி கிழக்கே நகர்ந்துவரும் காற்றுச் சுழல்தான் அது. வானிலைத் துறை இதை மேற்கத்திய இடையூறு என்கிறது. குளிர்காலத்தில் ஒவ்வொரு மாதமும் சில முறை வந்துபோகும். அது கடந்த மறுநாள் டெல்லியில் வானம் தெளிந்து குளிர் கூடும். மலையிலும் அப்படித்தான், நீல வானமும் புதுப்பனியுமாக இருக்கும். படத்தில் பார்த்து ஆசைப்படுகிறோமே, அந்த நாள் அதுதான். பனிச்சரிவு ஆபத்து அதிகமான நாளும் அதுதான். புதிதாக விழுந்த பனி அடியில் கிடக்கும் பழைய பனியோடு ஒட்டிக்கொள்ள ஒன்றிரண்டு நாளாவது ஆகும். அதனால் தேதியைக் குறிக்கும்போது, இடையூறு கடந்து இரண்டு நாள் கழித்து முகட்டில் நிற்கும்படி கணக்குப் போடுங்கள். லோதி சாலை வானிலைத் துறையின் முன்னறிவிப்பையும், சண்டிகரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வகமான டி.ஜி.ஆர்.இ. வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையையும் புறப்படும் வாரம் முழுக்கப் பார்த்துவாருங்கள்.

கேதார்காண்டா உத்தரகாசி மாவட்டத்தில், கோவிந்த் வனவிலங்குச் சரணாலயப் பகுதியில் இருக்கிறது. உச்சி சுமார் 3,800 மீட்டர். அடிவார ஊரான சாங்க்ரி 1,950 மீட்டர் உயரத்தில் உள்ளது. டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை மேலே பனி கிடக்கும். இமயத்தில் இதைவிடக் கடினமான முகடுகள் நூறு உண்டு. ஆனாலும் பனியில் முதல்முறை நடப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். பாதையில் பெரும்பகுதி மரங்களுக்குள் போவதால் காற்று நேரடியாக அடிக்காது. கடைசி நாள் மட்டும் மரக்கோட்டைத் தாண்டி வெட்டவெளி முகட்டில் ஏற வேண்டும். சிரமம் எல்லாம் அந்த ஒரு காலைப் பொழுதில்தான். வேண்டாம் என்று தோன்றினால் திரும்பி இறங்கவும் வழி இருக்கிறது.

வெள்ளியங்கிரி ஏழு மலை ஏறியவர்களும், பர்வதமலையில் கடப்பாறை நெட்டு ஏறியவர்களும் டெல்லித் தமிழர்களிடையே நிறைய உண்டு. அந்தக் கால்பலம் இங்கேயும் உதவும். அங்கே அவ்வளவு தேவைப்படாத ஒன்று இங்கே வேண்டும், ஒருவரை ஒருவர் விடாமல் கவனிப்பது. வெள்ளியங்கிரியில் ஒருவர் களைத்தால் ஒரு பாறையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு மெதுவாக வந்து சேரலாம். பனி முகட்டில் உட்காருவதே ஆபத்து. ஆகவே இந்த அத்தியாயத்தில் சாமான்களைவிடக் கூட வருபவர்களைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன்.

யாரோடு போவது

நண்பர்கள் நான்கு முதல் ஆறு பேர் போதும். மூன்று பேர் என்றால், ஒருவருக்கு முடியாமல் போய் இன்னொருவர் அவரோடு இறங்கும்போது மூன்றாமவர் தனியாகிவிடுவார். பத்துப் பேர் என்றால் வரிசை நீண்டு, முன்னால் போகிறவருக்குப் பின்னால் நடப்பது தெரியாது. எத்தனை பேர் போனாலும் கைடு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே கூட்டிப் போகவும், மற்றவர் முடியாதவரைக் கீழே அழைத்து வரவும். ஏற்பாட்டாளரிடம் பணம் கட்டுவதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுங்கள். விலையில் கொஞ்சம் குறைத்துக் கொடுத்து இரண்டாவது ஆளை விட்டுவிடும் ஏற்பாடு எனக்குச் சம்மதமில்லை.

நட்பால் வரும் ஆபத்து ஒன்று உண்டு, அதை வெளிப்படையாகப் பேசுபவர்கள் குறைவு. அறிமுகமில்லாத குழுவில் தலைவலி வந்தால் கைடிடம் சொல்லிவிடுவோம். கல்லூரியிலிருந்து பழகிய நண்பர்கள் என்றால், 'என்னால எல்லாருக்கும் கெட்டுப்போகக் கூடாது' என்று வாயை மூடிக்கொள்வோம். 3,800 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 62 விழுக்காடுதான். தலைவலி, குமட்டல், பசியின்மை, முதல் இரவு தூக்கம் வராமை எல்லாம் உடல் அந்த உயரத்துக்குப் பழகவில்லை என்பதன் அறிகுறிகள். தலைவலியோடு மேலே ஏறக் கூடாது. தங்கியும் குறையவில்லை என்றால் இறங்க வேண்டும். நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ இரவென்றும் பார்க்காமல் அப்போதே இறக்கிவிட வேண்டும். உயரத்துக்கு உடல் பழக உதவும் டயமாக்ஸ் மாத்திரையைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசுங்கள், சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் கட்டாயம் சொல்லுங்கள். மாத்திரை போட்டிருக்கிறோம் என்பதற்காக அறிகுறியை அலட்சியப்படுத்தக் கூடாது.

எனவே புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னால், யாராவது ஒருவர் வீட்டில் காபியோடு உட்கார்ந்து மூன்று விஷயங்களைப் பேசி முடித்துவிடுங்கள். முகட்டு நாளில் எத்தனை மணிக்குத் திரும்புவது. யாராவது ஒருவர் 'போதும்' என்றால் காரணம் கேட்காமல் ஏற்றுக்கொள்வது. இறங்குபவரோடு யார் போவது. மூன்றாவதுதான் கடினமானது. லீவு போட்டு, பணம் கட்டி, இவ்வளவு தூரம் வந்தபிறகு உச்சிக்கு அரை மணி இருக்கும்போது நண்பனுக்காகத் திரும்ப யாருக்குத்தான் மனம் வரும்? குளிரில், மூச்சு வாங்கும்போது இதை முடிவுசெய்ய முடியாது. மயூர் விஹாரிலேயே பெயரைச் சொல்லி முடிவுசெய்துவிட்டால் மேலே வாக்குவாதம் இருக்காது.

2024 ஜூன் தொடக்கத்தில் உத்தரகண்டின் சஹஸ்ரதால் பாதையில் 22 பேர் கொண்ட குழு ஒன்று திடீர்ப் பனிப்புயலில் சிக்கியது. பெரும்பாலோர் பெங்களூரைச் சேர்ந்தவர்கள். 4,000 மீட்டருக்கு மேலே ஒதுங்க இடமில்லாத திறந்த சரிவு அது. ஒன்பது பேர் குளிரில் இறந்தார்கள். மற்றவர்களை மீட்க விமானப்படை ஹெலிகாப்டர்கள் வர வேண்டியிருந்தது. அது கோடைக்காலம் என்பதை நினைவில் வையுங்கள். வெட்டவெளியில் காற்றும் ஈரமும் சேர்ந்துவிட்டால் நாள்காட்டியில் எந்த மாதம் என்பது பொருட்டில்லை.

பயிற்சி

மயூர் விஹாரில் மலை கிடையாது. சொசைட்டிக் கட்டிடங்களின் மாடிப்படிகள் இருக்கின்றன, அது போதும். ஆறு வாரத்துக்கு முன்பே தொடங்குங்கள். முதல் இரண்டு வாரம் வெறுங்கையோடு, பிறகு முதுகுப்பையில் தண்ணீர் பாட்டில்களை அடுக்கி எட்டுக் கிலோ வரை. லிஃப்டில் இறங்காதீர்கள், இறங்குவதும் படியிலேயே இருக்கட்டும். உச்சியிலிருந்து இறங்கும்போது நடுங்குவது தொடைத் தசைகள்தான், அவை வலுப்பட இறங்கிப் பழகுவதைத் தவிர வேறு வழியில்லை. சஞ்சய் ஏரிப் பூங்காவில் காலையில் வேக நடை நல்லது. ஆனால் நவம்பர், டிசம்பரில் காற்று மாசுக் குறியீடு 300-ஐத் தாண்டும் நாட்களில் வெளியே ஓடாதீர்கள், அன்று படிகள் மட்டும். ஒரு மாடி ஏறிக்கொண்டே தொடர்ந்து பேச முடிகிறதா என்று பாருங்கள். அந்த வேகம்தான் மலையில் உங்கள் வேகம்.

ஆர்வம் அதிகமிருந்தால் இந்திய மலையேற்ற அறக்கட்டளைக்கு ஒரு நாள் போய்வாருங்கள். மயூர் விஹார் ஃபேஸ்-1 நிலையத்தில் பிங்க் லைன் ஏறினால் துர்காபாய் தேஷ்முக் சவுத் கேம்பஸ் நிலையம் வரை நேரே போகலாம். அந்த நிலையம் இருக்கும் பெனிடோ ஹுவாரஸ் மார்கில்தான் அறக்கட்டளையும் இருக்கிறது. பனியில் நடப்பதையும் விழுந்தால் சறுக்காமல் நிற்பதையும் முறையாகக் கற்க விரும்புபவர்களுக்கு 1965-இல் தொடங்கிய உத்தரகாசி நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனம் அடிப்படைப் பயிற்சி நடத்துகிறது. கிட்டத்தட்ட ஒரு மாதம் லீவு வேண்டும்.

என்ன உடுத்துவது, என்ன எடுப்பது

பருத்தி உடை வேண்டவே வேண்டாம். ஊரில் வியர்வைக்கு இதமான பனியனும் ஜீன்ஸும் பனியில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பைக் குளிரவைக்கும். உள்ளே கம்பளி அல்லது பாலியஸ்டர், நடுவில் ஃபிளீஸ், நிற்கும்போது போட்டுக்கொள்ள இறகு ஜாக்கெட், மேலே காற்றும் நீரும் புகாத உறை. நடக்கத் தொடங்கும்போது லேசாகக் குளிர வேண்டும். முதல் பத்து நிமிடத்திலேயே இதமாக இருந்தால், அரை மணியில் வியர்த்து நனைந்துவிடுவீர்கள். கையுறை இரண்டு ஜோடி, ஒன்று நனைந்தால் மாற்ற. பூட்ஸ், பனி உள்ளே புகாமல் தடுக்கும் கெய்ட்டர், பூட்ஸுக்கு அடியில் மாட்டும் இரும்புப் பல் மைக்ரோஸ்பைக் எல்லாம் சாங்க்ரியில் வாடகைக்குக் கிடைக்கும். பூட்ஸ் மட்டும் சொந்தமாக இருக்கட்டும். வாங்கி ஒரு மாதம் மாடிப்படியில் போட்டு நடந்திருக்கட்டும். மைக்ரோஸ்பைக்கைச் சாங்க்ரியிலேயே கையுறையோடு மாட்டிக் கழற்றிப் பாருங்கள். அதிகாலை நான்கு மணிக்கு இருட்டில் ரப்பரை இழுத்து மாட்டுவது வேறு அனுபவம்.

கறுப்புக் கண்ணாடியை அழகுக்காகப் போடும் சாமான் என்று நினைத்துவிடாதீர்கள். புதுப்பனி தன்மேல் விழும் புற ஊதாக் கதிரில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்பும். கண்ணாடி இல்லாமல் அரை நாள் நடந்தால் இரவில் கண்ணில் மணலைக் கொட்டியதுபோல் எரியும். தாடைக்குக் கீழேயும் மூக்கின் அடியிலும் சன்ஸ்கிரீன் தடவுங்கள், வெளிச்சம் கீழிருந்துதான் வருகிறது. தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். நீர் மேலிருந்துதான் உறையும், தலைகீழாக இருந்தால் வாய்ப்பக்கம் உறையாது. கைபேசியும் டார்ச்சின் மாற்று பேட்டரியும் உள்சட்டைப் பையில் இருக்கட்டும். தின்பதற்கு டெல்லிக் குளிர்காலத்தின் கஜக்கைவிட நல்லது எதுவுமில்லை. சாக்லேட் கல்லாகிவிடும்போதும் எள்ளும் வெல்லமும் சேர்ந்த கஜக் கையுறையோடு உடைத்தாலும் உடையும். ஊரிலிருந்து வந்த கடலை மிட்டாய் இருந்தால் அதுவும் ஆகும், பல் கவனம்.

அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வந்த நண்பர் யாராவது சேர்ந்துகொண்டால், அவருடைய பையில் செயற்கைக்கோள் தொலைபேசியோ கார்மின் இன்ரீச் போன்ற கருவியோ இருக்கிறதா என்று கேளுங்கள். இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் அவற்றை வைத்திருப்பது குற்றம், விமான நிலையங்களிலேயே பலர் மாட்டியிருக்கிறார்கள்.

போகும் வழி

ஆனந்த் விஹார் முனையத்திலிருந்து டேராடூனுக்கு மாலையில் வந்தே பாரத் ரயில் இருக்கிறது. பின்மாலையில் ஏறினால் இரவு பதினோரு மணிக்குள் டேராடூன். மயூர் விஹாரிலிருந்து ஆனந்த் விஹாருக்குப் பிங்க் லைனில் மாறாமல் போகலாம். வாரத்தில் எந்த நாள் ஓடாது என்பதைப் பார்த்துக்கொண்டு முன்பதிவு செய்யுங்கள். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி இறுதிவரை மூடுபனியால் ரயில்கள் தாமதமாவது வழக்கம். மறுநாள் விடிகாலை டேராடூனிலிருந்து முசோரி, நைன்பாக், புரோலா, மோரி வழியாகச் சாங்க்ரிக்கு ஏறக்குறைய ஒரு பகல் முழுக்க ஜீப் பயணம். ரூபின், சூபின் ஆறுகள் கூடி டோன்ஸ் ஆகும் நைட்வாரில் வனத்துறைச் சோதனைச் சாவடி. அடையாள அட்டை நகல் கையில் இருக்கட்டும். மோரியைத் தாண்டிவிட்டால் கைபேசித் தொடர்பை நம்ப முடியாது. எந்த நாள் எங்கே தங்குகிறீர்கள், கைடு யார், எந்த நாளுக்குள் செய்தி வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதைத் தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

சாங்க்ரியிலிருந்து முதல் நாள் பைன், ஓக் மரங்களுக்கிடையே ஏறி ஜூடா கா தாலாப் ஏரிக்கரை, சுமார் 2,770 மீட்டர். குளிர்காலத்தில் ஏரி உறைந்திருக்கும். யாராவது அதன்மேல் நடந்து படம் எடுத்துக்கொண்டிருந்தாலும் நீங்கள் இறங்க வேண்டாம். இரண்டாம் நாள் 3,430 மீட்டர் அடிமுகாம். இரண்டு நாளும் மெதுவாக நடப்பதைத் தவிரச் சொல்ல அதிகமில்லை. சூடான நீரை நிறையக் குடியுங்கள். பசி இல்லாவிட்டாலும் சாப்பிடுங்கள்.

முகட்டு நாள்

அதிகாலை நான்கு மணியளவில் புறப்பட வேண்டும். சூரியோதயம் பார்ப்பதற்காக மட்டும் அல்ல. இரவில் இறுகிய பனியின் மேல் கால் நிற்கும், வெயில் ஏறியதும் அது இளகித் தொடைவரை புதையத் தொடங்கும். திரும்பும் நேரத்தை ஒன்பது மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கே இருந்தாலும், உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும், ஒன்பது என்றால் திரும்ப வேண்டும்.

வரிசையில் முதலில் கைடு. இரண்டாவதாகக் குழுவிலேயே மெதுவாக நடப்பவர். இது முக்கியம், அவர் பின்னால் இருந்தால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கடைசியாக வந்து சேர்வார், அவர் மூச்சு விடுவதற்குள் மற்றவர்கள் கிளம்பிவிடுவார்கள். அதிகம் களைத்தவருக்குத்தான் ஓய்வே கிடைக்காது. இரண்டாவதாக நடந்தால் குழுவின் வேகம் அவர் வேகமாகிவிடும். கடைசியில் இரண்டாவது கைடு. 'ஆராம் ஸே', மெதுவாக, என்று முன்னாலிருந்து குரல் வந்தால் அது எல்லோருக்கும்தான்.

கைடு பூட்ஸ் நுனியால் உதைத்து வெட்டிய அடியிலேயே உங்கள் அடியையும் வையுங்கள். பாதம் முழுக்கப் பதியட்டும், ஒரு கணம் எடையைப் போட்டுப் பார்த்துவிட்டு அடுத்த காலை எடுங்கள். ஊன்றுகோல்கள் இரண்டில் ஒன்றாவது எப்போதும் பனியில் குத்தி நிற்கட்டும். சரிவு 30 முதல் 45 டிகிரிக்குள் இருக்கும் இடங்களில்தான் பனிச்சரிவு அதிகம். அப்படி ஓர் இடத்தைக் குறுக்காகக் கடக்க வேண்டுமானால் ஒருவர் கடந்து முடித்தபின் அடுத்தவர். காலுக்கடியில் 'உம்ம்' என்று அமுங்கும் சத்தம் கேட்டாலோ, கோடுபோல் பனி விரிசல் ஓடினாலோ அன்றைய ஏற்றம் முடிந்தது.

மரங்கள் தீர்ந்து முகட்டின் மேல் வந்ததும் முதலில் காற்றைப் பாருங்கள். எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் பனி, வீட்டுக் கூரையின் இறவாரம்போல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அடியில் வெறும் காற்றுதான். மேலிருந்து பார்த்தால் அது முகட்டின் தொடர்ச்சியாகவே தெரியும், பள்ளத்தாக்கு நன்றாகத் தெரியும் இடமும் அதுதான், படம் எடுக்கக் கால் தானாக அங்கே போகும். போகாதீர்கள். அது உடையும்போது விளிம்பில் மட்டும் உடைவதில்லை, பின்னால் பல அடி தள்ளியும் பிளக்கும். காற்று அடிக்கும் பக்கத்துச் சரிவில், விளிம்புக்கு நன்றாகக் கீழே, கைடின் தடத்தில் நடங்கள்.

வெப்பமானி −10 டிகிரி காட்டும்போது மணிக்கு 30 கி.மீ. காற்று அடித்தால் தோலுக்கு அது −20. இந்த இடத்தில்தான் யாராவது ஒருவர் பனியில் தொப்பென்று உட்கார்ந்து சொல்வார்: "நீங்க போயிட்டு வாங்கடா. நான் இங்கேயே இருக்கேன்." நல்ல மனதோடு சொல்லும் வார்த்தை. அதை ஒருபோதும் ஏற்காதீர்கள். ஏறிவந்த வியர்வை உள்ளே இருக்கிறது, தசை வேலை செய்வதை நிறுத்திவிட்டது, காற்று அடிக்கிறது. வெகு நேரம் வேண்டாம், நீங்கள் உச்சிக்குப் போய்த் திரும்புவதற்குள் அவருக்குக் கை நடுங்கி, பிறகு நடுக்கமும் நின்றுவிடலாம். நடுக்கம் நின்றால் தேறிவிட்டார் என்று அர்த்தமில்லை, நிலைமை மோசமாகிறது என்று அர்த்தம். அவர் இறங்க வேண்டும். மயூர் விஹாரில் பேசிவைத்தவர் அவரோடு இறங்க வேண்டும், இரண்டாவது கைடு கூடப் போக வேண்டும்.

யார் வாய்விட்டுச் சொல்கிறார்கள் என்று காத்திருக்காமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருங்கள். வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தவர் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்கிறாரா? ஜிப்பை மேலே இழுக்கத் தடுமாறுகிறாரா? சம்பந்தமில்லாமல் எரிச்சல்படுகிறாரா? கையுறையைக் கழற்றிக் கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொடச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் உடல் குளிர்ந்துகொண்டிருக்கிறது. காற்று படாத மறைவுக்குக் கூட்டிப் போய் ஈர உடையை மாற்றி, சர்க்கரை அதிகம் போட்ட சூடான டீயைக் கொடுத்து, கீழே இறக்குங்கள். 'ஒரு மூடி ரம் போட்டா சூடாயிடும்' என்பவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். மது தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்களை விரித்து, உள்சூட்டை வெளியே விட்டுவிடும். விரல் நுனி வெளுத்து மரத்துப்போனால் பனியை வைத்துத் தேய்க்காதீர்கள், நெருப்பிலும் காட்டாதீர்கள். அக்குளுக்குள் வைத்தால் போதும்.

உச்சியில் ஒரு சின்னக் கோயிலும் சூலமும் உண்டு. கிழக்கே சுவர்க்காரோகிணி, அதற்குச் சற்றுத் தெற்கே பந்தர்பூஞ்ச், அதன் அருகே காலாநாக் என்று ஆறாயிரம் மீட்டரைத் தாண்டிய சிகரங்கள் வரிசையாக நிற்கும். தெளிந்த காலையில் அதைப் பார்த்தவர் மறக்க மாட்டார். பார்த்தபின் இறகு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஏதாவது தின்றுவிட்டு, கால் மணியில் கிளம்புங்கள். பெரும்பாலான விழுதல்கள் இறங்கும்போதுதான் நடக்கின்றன. குதிகாலை அழுத்தி ஊன்றி, முழங்காலை லேசாக மடித்து இறங்குங்கள். பின்னால் சாய்ந்தால் கால் வழுக்கும். உட்கார்ந்தபடி சறுக்கிக்கொண்டு போகும் குழுக்களைப் பார்ப்பீர்கள். சரிவின் அடியில் மரமும் பாறையும் இல்லை என்று கைடு சொன்ன இடத்தில் மட்டும், மைக்ரோஸ்பைக்கைக் கழற்றிவிட்டுத்தான். பல் மாட்டியபடி சறுக்கினால் அது பனியில் மாட்டிக் கணுக்கால் திருகிவிடும்.

அன்றே சாங்க்ரி வரை இறங்கச் சொல்லும் ஏற்பாடுகள் உண்டு. முடிந்தால் நடுவில் ஓர் இரவு தங்குங்கள், தொடை நடுங்கும் காலோடு கடைசி இரண்டு மணி நேரக் காட்டுப்பாதை நல்லதல்ல. சாங்க்ரியிலிருந்து டேராடூன் வர மறுபடி ஒரு பகல். அன்றிரவே டெல்லிக்கு டிக்கெட் போடாமல் டேராடூனில் தங்கிவிட்டு, காலை வந்தே பாரத்தில் ஏறினால் நண்பகலுக்குள் ஆனந்த் விஹார். பனியால் சாலை அடைபட்டால் ஈடுகட்ட இன்னும் ஒரு நாள் கையில் வைத்திருங்கள். திங்கள்கிழமை அலுவலகம் என்று கணக்குப் போட்டு வருபவர்கள்தான் ஒன்பது மணியைத் தாண்டியும் மேலே ஏறிக்கொண்டிருப்பார்கள்.